ஐந்தாவது ஆள்: காயத்திலிருந்து திரும்புவோரும் தொடர் ஓட்டமும்

தனியாக ஓடுகிறவருக்குக் காயம் பட்டால் அது அவரோடு முடிந்துவிடும். வலித்தால் நின்றுகொள்வார், முடிந்தால் நடந்து முடிப்பார், முடியாவிட்டால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். தொடர் ஓட்டத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. முன்னால் ஓடியவர் மூச்சிரைத்துக் கொண்டுவந்து கொடுத்ததும், அடுத்து ஓட வேண்டியவர் கை நீட்டிக் காத்திருப்பதும் நடுவில் இருப்பவரின் காலை நம்பித்தான். அவர் பாதி வழியில் நின்றால் நான்கு பேருடைய பந்தயமும் அங்கேயே முடிந்தது. காயம் ஆறி வருகிற ஒருவர் தன் க்ளப்புக்காகத் தொடர் ஓட்டத்தில் இறங்கலாமா என்ற கேள்வி அதனால்தான் சிக்கலாகிறது. மருத்துவர் அதற்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பதிலை அணி சொல்ல வேண்டும். நம் க்ளப்புகளில் பெரும்பாலும் யாரும் அதைச் சொல்வதில்லை என்பதே என் கவலை.

சென்னையிலிருந்து புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் இப்போது ஏராளம். சென்னை ரன்னர்ஸ் 2006-இல் தொடங்கியது. நேரம் குறிக்காமல், பரிசு கொடுக்காமல், ஓடும் மகிழ்ச்சிக்காக மட்டும் நடக்கும் ஆரோவில் மாரத்தான் 2008-இல் தொடங்கியது. இரண்டுக்கும் இடைப்பட்ட கரையில், புதுச்சேரிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்போது, மரக்காணத்து உப்பளங்கள் வருகின்றன. ஓடுகிறவருக்கு இந்த இடம் முதல் பார்வையில் சொர்க்கம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாய் வெள்ளை, அதற்கப்பால் கழிமுகத்து நீர். காயத்திலிருந்து வருகிறவரிடம், “தட்டையான ரோடுதானே, அங்கே போய் மெதுவாக ஓடிப் பாருங்கள்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அந்தத் தட்டைச் சாலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவது பாதுகாப்பு என்பதால் நாம் சாலையின் வலது ஓரத்தைப் பிடிக்கிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். வலது கால் ஒவ்வொரு முறையும் இடது காலைவிடச் சற்றுத் தாழ்வில் விழும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி எடுத்துவைக்கிறோம். அதில் பாதி வலது காலுக்கு. கணுக்கால் ஒரே பக்கமாகச் சாய்கிறது, இடுப்பு ஒரே பக்கமாக இறங்குகிறது. ஏற்ற இறக்கம் உள்ள பாதையில் வேலை தசைக்குத் தசை மாறும். இங்கே ஒரே தசை, ஒரே நார், ஒரே கோணம். சாலையை விட்டு உப்பள வரப்பில் இறங்கினால் காய்ந்த களிமண் தாரைப் போலவே இறுகிக் கிடக்கும், அகலமும் போதாது. கடற்கரை மணலில் குதிகால் புதைந்து கெண்டைச் சதை இழுபடும். தட்டை என்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் 46 கிலோமீட்டருக்கு நான்கு வழிச் சாலை அமைக்க, சுமார் 2,157 கோடி ரூபாய்ச் செலவில், 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. சாலை மாறும்போது ஓடும் ஓரமும் மாறும். ஓடுகிறவர்களை நினைத்து அந்த ஓரம் அமைந்தால் நல்லது.

தொடர் ஓட்டமும் காயமும் ஒன்றாய் வந்து நின்ற அண்மைக் கால நிகழ்வு ஒன்றில் இரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள். 2024 மே மாதம் பஹாமாஸின் நசாவ் நகரில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதி அங்கேதான் தீர்மானமாக இருந்தது. இந்திய ஆண்கள் 4×400 அணியின் மேல் பெரிய எதிர்பார்ப்பு. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் நால்வரும் 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்து, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்திருந்தார்கள். கடைசிச் சுற்றை ஓடிய ராஜேஷ் திருவாரூர் மாவட்டத்துக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். அதே நால்வர் அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 3:01.58 ஓடித் தங்கமும் வாங்கினார்கள்.

நசாவில் முதல் நாள் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக ஓடியவர் ராஜேஷ். பாதி வழியில் சதை பிடித்துக்கொண்டது. அவர் நின்றுவிட்டார். இந்தியா பந்தயத்தை முடிக்கவில்லை. அன்று அவர் நொண்டி நொண்டிச் சுற்றை முடித்திருக்கலாம். முடித்திருந்தாலும் தகுதி கிடைத்திருக்காது. கிழிசல் மட்டும் மிச்சமாகியிருக்கும். மறுநாள் இரண்டாவது வாய்ப்பு. அவருடைய இடத்துக்கு ஆரோக்கிய ராஜீவ் வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், ராணுவ வீரர், அப்போது 33 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:00.25 என்ற அன்றைய ஆசியச் சாதனையைப் படைத்த அணியில் இருந்தார். புடாபெஸ்டின் சாதனை அணியில் இல்லை. நசாவில் மூன்றாவதாக ஓடினார். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் என்ற வரிசையில் 3:03.23 எடுத்து, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்து, இந்தியா பாரிஸுக்குத் தகுதி பெற்றது. மூன்று மாதம் கழித்துப் பாரிஸில் கடைசிச் சுற்றை ராஜேஷே ஓடினார். அணி தன் தகுதிச் சுற்றில் 3:00.58 எடுத்தது. இறுதிக்குப் போகவில்லை. ஆனால் மே மாதம் சதை பிடித்து நின்ற கால் ஆகஸ்டில் ஒலிம்பிக் தடத்தில் முழு வேகத்தில் ஓடியது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ராஜீவின் இடத்தை. புகழ் பெற்ற நால்வரில் ஒருவராக இல்லாத ஒரு மூத்த வீரர், அழைத்த மறுநாளே ஓடத் தயாராக, தகுந்த உடல்நிலையோடு, அங்கே இருந்தார். அவர் இருந்ததால்தான் ராஜேஷ் நிற்க முடிந்தது. நிற்க முடிந்ததால்தான் திரும்பி வரவும் முடிந்தது. காயத்திலிருந்து மீள்வது காயம் பட்டவரின் மன உறுதிக் கதையாகவே எப்போதும் சொல்லப்படுகிறது. தொடர் ஓட்டத்தில் அது பெரும்பாலும் ஐந்தாவது ஆளின் கதை.

அந்த ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2021 ஜூன் 21 அன்று பாட்டியாலாவில் ஹிமா தாஸ், தூத்தி சந்த் ஆகியோரோடு தமிழ்நாட்டின் அர்ச்சனா சுசீந்திரன், தனலட்சுமி சேகர் சேர்ந்து ஓடிய பெண்கள் 4×100 அணி 43.37 நொடியில் தேசியச் சாதனை படைத்தது. டோக்கியோவுக்கு வேண்டியிருந்தது 43.05. இன்னொரு முயற்சிக்கு அதே வாரத்தில் வாய்ப்பு இருந்தது. அதற்கு முன் 100 மீட்டர் தகுதிச் சுற்றில் ஹிமாவுக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. 4×100 அணி என்பது நான்கு வேகங்களைக் கூட்டிப் போடுவது அல்ல; யார் எந்த அடியில் புறப்பட வேண்டும், யார் எந்தக் கையில் வாங்க வேண்டும் என்று பல வாரம் பழகிய ஒரு கோவை. அதில் ஒருவர் போனால் புதியவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் பேட்டன் மாறும் இடத்தில் நேரம் போய்விடும். ஐந்தாவது ஆள் பெயரளவில் இருந்தால் போதாது, பேட்டன் பயிற்சியில் முழுமையாக இருக்க வேண்டும் என்பதை அந்த வாரம் காட்டியது.

காயத்தோடு ஓடி முடித்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 4×400 தகுதிச் சுற்றில் அமெரிக்காவின் மான்டியோ மிட்செல் பாதிச் சுற்றில் காலின் வெளிப்புறச் சிறு எலும்பு முறிந்ததை உணர்ந்தும் நிற்காமல் 46.1 நொடியில் முடித்தார். அணி இறுதிக்குப் போய் வெள்ளி வாங்கியது. வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. அவருக்குக் காயம் பந்தயத்துக்குள் நேர்ந்தது. யோசிக்க அவருக்கு இருபது நொடிகூட இல்லை. நம் க்ளப் ஓட்டக்காரருக்கோ யோசிக்க மூன்று வாரம் இருக்கிறது.

ஜப்பானில் நடந்தது இன்னும் கனமானது. அங்கே நெடுஞ்சாலைத் தொடர் ஓட்டத்துக்கு எகிடென் என்று பெயர். பேட்டனுக்குப் பதிலாகத் தோளில் குறுக்காக அணியும் துணிப்பட்டை கைமாறும். 1920-இல் தொடங்கிய ஹகோனே எகிடென் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. பத்து பேர், இரண்டு நாள், 217.1 கிலோமீட்டர். நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடும். அந்த மரபு ஊறிய மண்ணில், 2018 அக்டோபரில் ஃபுகுவோகாவில் நடந்த பெண்கள் நிறுவன அணிகளின் எகிடெனில், இரண்டாவது பிரிவில் ஓடிய ரெய் ஈடா என்ற 19 வயதுப் பெண் கீழே விழுந்தார். வலது காலில் எலும்பு முறிவு. கைமாற்றும் இடத்துக்கு இன்னும் சில நூறு மீட்டர் இருந்தது. அவர் தார்ச் சாலையில் கைகளையும் முட்டிகளையும் ஊன்றித் தவழ்ந்து போனார். முட்டி கிழிந்து ரத்தம் வழிய, பக்கத்தில் அதிகாரி ஒருவர் நடந்து வர, துணிப்பட்டையை அடுத்தவரிடம் கொடுத்தார். அணியின் பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்தச் சொல் சாலைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அதன் பிறகு ஜப்பானில் பெரிய விவாதம் நடந்தது. அந்தப் பெண்ணின் துணிவைப் பற்றி எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. நிறுத்தும் அதிகாரம் களத்தில் நின்றவர் கையில் இல்லாமல் போனதுதான் பிழை.

பிரிட்டனின் டெரக் ரெட்மண்ட் என்றதும் 1992 பார்சிலோனாவில் பின்தசை கிழிந்து, தந்தையின் தோளைப் பிடித்து அழுதபடி கோட்டைத் தாண்டிய காட்சிதான் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய ஆண்டை நினைப்பவர் குறைவு. 1988 சியோலில் குதிகால் நார் காயத்தால் ஓட முடியாமல் விலகி, அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர், 1991 டோக்கியோ உலகப் போட்டியின் 4×400-இல் இரண்டாவது சுற்றை ஓடினார், பிரிட்டன் 2:57.53 எடுத்து அமெரிக்காவை 0.04 நொடியில் வென்றது. காயத்திலிருந்து திரும்புகிறவருக்குத் தொடர் ஓட்டம் ஒரு வாசலாகவும் இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தனிப் போட்டியில் இறங்கத் தயங்குகிறவருக்கு அணி தரும் தெம்பு உண்மையானது. ஆகவே காயக்காரர்களை ஒரேயடியாக விலக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எப்போது திரும்பலாம் என்பது எந்தத் திசு அடிபட்டது என்பதைப் பொறுத்தது. இதை ஒன்றாய்ப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விபத்து நடக்கிறது.

தொடையின் பின்தசை, வேகத்தில் கிழிவது. கால் முன்னே வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டபடியே இறுகிக் காலை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த நொடியில்தான் அது கிழிகிறது. மெல்லோட்டத்தில் வலி இல்லை என்பது இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்வீடனில் கார்ல் அஸ்க்லிங்கும் குழுவினரும் 56 தடகள வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தசையை நீட்டியபடியே வலுப்படுத்தும் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 49 நாளில் திரும்பினார்கள்; வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 86 நாள் ஆனது. தேர்ந்த சிகிச்சையும் தினசரி மேற்பார்வையும் கிடைத்தவர்களுக்கே ஏழு வாரம். அலுவலகம் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிஸியோவைப் பார்க்கிற நாற்பது வயதுக்காரர் மூன்று வாரத்தில் 4×100 ஓடுகிறேன் என்றால் அணித்தலைவர் மறுத்தாக வேண்டும்.

குதிகால் நார் வேறு மாதிரி. அதற்கு முழு ஓய்வு மருந்தல்ல, சுமை வேண்டும். ஸ்வீடனின் ஹகன் அல்ஃப்ரெட்சன் 1998-இல் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது; முட்டியை நீட்டியும் மடக்கியும், நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம், ஒரு நாளைக்கு 180 முறை. சில்பர்னாகெல் குழு 2007-இல் 38 பேரை வைத்துப் பார்த்ததில், வலியைப் பத்துக்கு ஐந்துக்கு மேல் போகவிடாமல், மறுநாள் காலையில் கூடாமல் பார்த்துக்கொண்டு ஓடியவர்கள், ஓட்டத்தை நிறுத்தி வைத்தவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். ஆகவே குதிகால் நார்க்காரர் அணியோடு இருக்கலாம், ஓடலாம், அளவறிந்து.

எலும்பில் விழும் அழுத்தக் கீறலுக்கு இந்தப் பேச்சே கிடையாது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஒரு விரல் வைத்து அழுத்தினால் குறிப்பிட்ட ஒரே புள்ளியில் சுரீர் என்று வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே வலிக்கிறதா, ஓடாத நேரத்திலும் இரவிலும் வலிக்கிறதா? அப்படியானால் பேட்டனைத் தொடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். பெண்களில் இது அதிகம் மறைகிறது. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது மாதவிடாய் தப்பும், எலும்பு தளரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதைத் தனி நிலையாகப் பெயரிட்டுச் சொல்லிவிட்டது. ஆண் தலைவர்கள் நிறைந்த ஒரு க்ளப்பில், மாதவிடாய் நின்றிருக்கிறது என்று ஒரு பெண் யாரிடம் சொல்வார்? பேச ஒரு பெண்ணாவது அணி நிர்வாகத்தில் இருப்பது கால் எலும்பைக் காக்கும் ஏற்பாடு.

நம் வீட்டு வைத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது பழைய பிடிப்புக்கும் இறுக்கத்துக்கும் சுகமாகவே இருக்கும். அடிபட்ட முதல் இரண்டு நாளில் அதே சூடு வீக்கத்தைக் கூட்டிவிடும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் அப்படித்தான்: புதிதாய்க் கிழிந்த தசையை நீவினால் உள்ளே கசிவு கூடும். எலும்பில் கீறல் இருக்கிறதோ என்று சந்தேகம் இருக்கும்போது படம் எடுக்காமல் புத்தூர் கட்டுக்குப் போவதை நான் ஏற்கவில்லை.

இனி அளவு. வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களின் வேதவாக்கு. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 532 புதியவர்களைச் சேர்த்து நடத்தி 2008-இல் வெளியான சோதனையில், அப்படி மெல்லக் கூட்டியவர்களுக்கும் வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயத்தில் வித்தியாசமே தெரியவில்லை. இரு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். பிறகு ஆஸ்திரேலியாவின் டிம் கேபட், இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடும் கணக்கைப் பரப்பினார். அதன் அடிப்படையையே பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். 2025-இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,205 ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை வைத்துச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. வாரக் கணக்கு பெரிதாக எதையும் முன்னறிவிக்கவில்லை. ஒரே ஓட்டத்தின் நீளமே முக்கியமாக இருந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினாலே காயம் ஏறியது. இரட்டிப்பையும் தாண்டியபோது காய வீதம் இரண்டு மடங்குக்கு மேல் போனது.

தொடர் ஓட்ட அணித்தலைவருக்கு இது நேரடியாக உதவும். காயத்திலிருந்து வருகிறவர் கடந்த ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் ஓடிய அதிக தூரம் என்ன என்று கேட்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் என்றால் அவருக்கு ஐந்தரைக்கு மேல் கொடுக்கக் கூடாது. வேகத்துக்கும் இதே பார்வை வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு இதைப் போன்ற பெரிய ஆய்வு என்னிடம் இல்லை. ஆனால் மாதம் முழுக்க மெல்லோட்டம் மட்டுமே ஓடியவர் பந்தயத்தன்று முழு வேகத்தில் 400 மீட்டர் போவது, தசைக்கு நீளத்தில் இரட்டிப்பதைவிடச் சிறிய அதிர்ச்சியாக இருக்க நியாயமில்லை.

இந்தக் கரையில் அளவு தவறுவதற்குப் பருவமும் ஒரு காரணம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. 2020-இல் நிவர் புயலும் 2024-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தப் பக்கத்தில்தான் நவம்பர் இறுதியில் கரை ஏறின. அந்த மாதங்களில் ஓட்டம் விட்டுவிட்டு நடக்கும். மழை விட்டதும் ஜனவரி, பிப்ரவரியில் பந்தயங்கள் வரிசையாக வந்துவிடும். இழந்த பயிற்சியை மூன்று வாரத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஜனவரியில் பழைய காயங்கள் விழித்துக்கொள்கின்றன.

அதே மழைக்காலத்தில் உப்பளத்திலும் வேலை நிற்கிறது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை மாநில அரசு 2022-இல் அறிவித்தது. மழை முடிந்து திரும்புகிறவர்களுக்கு முதல் வேலையே கடினமான வேலை: பாத்தியில் தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வாரி, தரையை வெறுங்காலால் மிதித்து இறுக்குவது. இடைவெளிக்குப் பிறகு உடல் பழகுவதற்கு அவர்களுக்கு யாரும் அவகாசம் கொடுப்பதில்லை; இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போகும். பக்கத்துச் சாலையில் நாம் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டு சுமையின் கணக்குப் பேசும்போது, அந்தக் கணக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள் பாத்தியில் நிற்கிறார்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. உழைக்கும் உடலுக்கான பிஸியோதெரபி மரக்காணத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்து சேர வேண்டும்.

தொடர் ஓட்டத்துக்கே உரிய ஆபத்துகளுக்கு வருவோம். முதலாவது காத்திருப்பு. சாலைத் தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆள் அதிகாலை நாலரைக்கு வேனில் ஏறி, தன் இடத்தில் இறங்கி, ஏழு மணி வரை நிற்பார். உடல் ஆறிப்போகும். முன்னவர் தூரத்தில் தெரிந்ததும் பதறி எழுந்து ஓடத் தொடங்குவார். இரண்டாவது ஆவேசம். மெதுவாகத்தான் ஓடுவேன் என்று உறுதி சொன்னவர், பேட்டன் கையில் விழுந்து முன்னால் ஒரு முதுகு தெரிந்ததும் அந்த உறுதியை மறந்துவிடுவார். மூன்றாவது கைமாற்றம்: நின்ற நிலையிலிருந்து திரும்பிப் பார்த்தபடி சட்டென்று வேகமெடுப்பது கெண்டைச் சதைக்கும் பின்தசைக்கும் கடினம்.

ஆகவே எந்தச் சுற்றைக் கொடுப்பது என்பதே பாதி சிகிச்சை. 4×100-இல் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் வளைவில் ஓடுகிறார்கள். எல்லோருமே உச்ச வேகத்தில். பின்தசைக் காயத்திலிருந்து வருகிறவரை அதில் சேர்க்கவே கூடாது. 4×400-இல் முதல் ஆளுக்குத் தொடக்கக் கட்டையிலிருந்து வெடித்துப் புறப்படும் சுமை. இரண்டாம் ஆள் முதல் வளைவுக்குப் பிறகு உள் தடத்துக்கு இறங்கும்போது முட்டி மோதி வேகத்தை மாற்ற வேண்டும். கடைசி ஆளுக்கு விரட்டல். மூன்றாவது சுற்று ஒப்பீட்டில் அமைதியானது, இடைவெளிகள் அதற்குள் விழுந்திருக்கும். மூத்தோர் தடகளத்தில் ஓடும் க்ளப்புகள் இதை யோசிக்கலாம். மரக்காணத்திலிருந்து அனுமந்தை, கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு, காலாப்பட்டு, கோட்டக்குப்பம் வழியாகப் புதுச்சேரி வரை ஒரு சாலைத் தொடரைக் கற்பனை செய்தால், காயத்திலிருந்து வருகிறவருக்கு மரக்காணத்தில் தொடங்கும் முதல் பிரிவைத்தான் கொடுப்பேன். புறப்படும் நேரம் நிச்சயம், உடலைச் சூடாக்க அவகாசம் உண்டு, வெயில் ஏறியிருக்காது, துரத்துவதற்கு இன்னும் யாரும் இல்லை. ஓட்டத்தின் தூரத்தையும் அவருக்கேற்பக் குறைக்கலாம்.

இதையெல்லாம் யார் தீர்மானிப்பது? 2015-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய விளையாட்டு பிஸியோதெரபி மாநாட்டின் ஒப்புரை மறு ஆண்டு வெளிவந்தது. பயிற்சிக்குத் திரும்புவது, போட்டிக்குத் திரும்புவது, பழைய திறனுக்குத் திரும்புவது என மூன்று படிகளை அது பிரித்தது. வீரர், மருத்துவர், பயிற்சியாளர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது. கனடாவின் இயன் ஷ்ரியர் அதே காலத்தில் இன்னொன்றைச் சேர்த்தார்: திசு எவ்வளவு ஆறியிருக்கிறது, அதன் மேல் எவ்வளவு சுமை விழப்போகிறது என்று பார்த்த பிறகு, எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. ஒலிம்பிக் இறுதிக்கு ஏற்கும் ஆபத்தை ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைக்கு ஏற்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்தச் சேர்ந்து முடிவெடுத்தல் தடுமாறுவது மரியாதையில். “தம்பி, ஒரு ரவுண்டுதானே, ஓடிடு, பார்த்துக்கலாம்” என்று மூத்தவர் சொன்ன பிறகு, “இல்லண்ணே, இன்னும் இழுக்குது” என்று சொல்ல இளையவருக்கு நா எழாது. எண்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் அணிப் பட்டியல் போட்டு, எல்லோரும் கைதட்டிய பிறகு விலகுவது இன்னும் கடினம். ஆகவே கேள்வியை மூத்தவரே தனியாக, போனில், பட்டியல் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். “ஓட முடியுமா?” என்று கேட்டால் எல்லோரும் முடியும் என்பார்கள். “ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது, இரண்டு காலும் சமமா? இந்த வாரம் எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினீர்கள்? மறுநாள் காலை படியிறங்கும்போது எப்படி இருந்தது?” என்று கேட்டால் உண்மை வரும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பெரிய போட்டிகளில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஆளை மாற்ற விதி இடம் தருகிறது. தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் உண்டு, மிட்செலுக்கும் அப்படித்தான் வெள்ளி கிடைத்தது. பல சாலைப் பந்தயங்களில் ஒருவர் பெயரில் வாங்கிய எண்ணை இன்னொருவருக்கு மாற்ற விடமாட்டார்கள். கட்டிய பணமும் திரும்ப வராது. காசு கட்டியாகிவிட்டதே என்று காயத்தோடு ஓடுகிறவர்கள் உண்டு. தொடர் ஓட்டத்துக்காவது இதை மாற்றலாம். விண்ணப்பத்திலேயே ஐந்து பெயருக்கு இடம் விட வேண்டும். யார் நால்வர் ஓடுகிறார்கள் என்பதைப் பந்தயத்தன்று காலை, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்புவரை, கட்டணம் இல்லாமல் மாற்ற அனுமதிக்க வேண்டும். சட்டை ஐந்து, எண் ஐந்து, பதக்கமும் ஐந்து.